சும்மா கிடந்த ஒரு திடலின் கதை



பழைய கட்டடத்தை உடைத்த பிறகு வெறுமையாகக் கிடக்கும் நம்மூர்க் காணியைப் பற்றித்தான் இப்போது எல்லா இடத்திலும் பேச்சு. கடைத்தொகுதி கட்டினால் வாடகை வரும் என்கிறார்கள். வாகனத் தரிப்பிடம் வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் திறந்த இடமாக விடுங்கள் என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில், "காணியைச் சும்மா போட்டுவைக்கலாமா?" என்பதுதான். வரலாறு படிப்பிக்கிற நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் காலிமுகத்திடல் ஞாபகம் வந்தது.

நம்மில் அநேகர் கொழும்புக்குப் போனால் அங்கே ஒரு நடை போய் இஸ்ஸோ வடை சாப்பிடாமல் திரும்புவதில்லை. அந்தத் திடலும் ஒரு காலத்தில் சும்மா கிடந்ததுதான். அது கிடந்ததற்குக் காரணம் நல்ல காரணமும் இல்லை. ஒல்லாந்தர் கோட்டையைப் பலப்படுத்தியபோது, தெற்குப் பக்கமாக வரும் எதிரியைப் பீரங்கியால் சுடுவதற்கு மறைப்பு இருக்கக்கூடாது என்று அந்த நிலத்தை வெட்டவெளியாக வைத்திருந்தார்கள். குண்டு போகும் பாதைதான் பின்னாளில் பிள்ளைகள் பட்டம் விடும் இடமானது.

ஆங்கிலேயர் வந்த பிறகு அந்த வெளி குதிரைப் பந்தயத் திடலானது. 1893 இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குப் போகும்வரை அங்கேதான் நடந்தது. 1879 இல் தொடங்கிய கொல்ஃப் கழகத்தினரும் ஆரம்பத்தில் அங்கேதான் விளையாடினார்கள். அதே 1879 இல், இன்று றோயல் கல்லூரி என்று நாம் சொல்லும் பாடசாலைக்கும் சென் தோமஸுக்கும் முதலாவது கிரிக்கெட் போட்டி நடந்ததும் அந்தத் திடலில்தான். அந்த முதல் போட்டியில் மாணவர்களோடு ஆசிரியர்களும் சேர்ந்து விளையாடினார்கள். (நம் பாடசாலை ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.) போட்டி நடந்த இடத்தில் இப்போது தாஜ் சமுத்ரா ஹோட்டல் நிற்கிறது. இந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

திடலைப் பொது இடமாக மாற்றியவர் ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட். வோர்ட் பிளேஸ் என்று ஒரு வீதி இருக்கிறதே, அந்தப் பெயருக்குரியவர். கடலோரமாக ஒரு நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். அடுத்த வருஷம் மதராஸுக்கு ஆளுநராகப் போன கொஞ்ச நாளிலேயே கொலராவில் இறந்துபோனார். ஆனால் போவதற்கு முன் ஒரு வேலை செய்திருந்தார். நடைபாதையோரம் ஒரு கல் நட்டு, கொழும்பின் பெண்களுடையதும் பிள்ளைகளுடையதும் நலனுக்காக இந்த இடத்தைத் தனக்குப் பின்னால் வருகிற ஆளுநர்களிடம் பரிந்துரைப்பதாக அதில் பொறிக்கவைத்தார். அந்தக் கல் இன்றும் அங்கே இருக்கிறது. வடை வாங்குகிற அவசரத்தில் அதைப் பார்க்காமல் போகிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் கல்லில் எழுதிய 'பெண்கள்' நம் உம்மாமார் இல்லை. மாலையில் குதிரை வண்டியில் காற்று வாங்க வந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளைத்தான் வோர்ட் நினைத்திருப்பார். கொம்பனித்தெருவில் முற்றமில்லாத சின்ன வீடுகளில் இருந்த குடும்பங்கள் பாய் கொண்டுவந்து அங்கே உட்காருவார்கள் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். நம் மக்களுக்கு அந்த இடத்தை யாரும் பத்திரம் எழுதித் தரவில்லை. வந்து வந்து, உட்கார்ந்து உட்கார்ந்துதான் அது நம்முடையதாகவும் ஆனது. பெருநாள் தொழுகைக்கு அங்கே ஸஃப் கட்டி நின்றவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள்.

திறந்த இடம் என்றால் எல்லாம் இனிப்பான கதை என்றும் இல்லை. 1956 ஜூன் 5 ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அந்தப் புல்வெளியில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அடித்து விரட்டப்பட்டார்கள். அமிர்தலிங்கம் மண்டை உடைந்து, கட்டுப்போட்ட தலையோடு பாராளுமன்றத்துக்குள் போனார். 2022 ஏப்ரல் 9 இல் அதே இடத்தில் இளைஞர்கள் கூடாரம் அடித்தார்கள். நூலகம் வைத்தார்கள், சமைத்துப் பகிர்ந்தார்கள். அது றமழான் மாதம். சிங்கள, தமிழ்ப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அங்கே இப்தார் நடந்ததைப் பார்த்து, 2019 க்குப் பிறகு குனிந்த தலையோடு நடந்த நம்மில் பலருக்குக் கண் கலங்கியது. மே 9 இல் அங்கேயும் அடி விழுந்தது. அரசியல் அவரவர் விருப்பம். ஆனால் அந்த இப்தாரை ஒரு கடைத்தொகுதியில் வைத்திருக்க முடியுமா?

இப்போது ஹோட்டல் விஷயம். பழைய திடல் இன்றைய திடலைவிட மிகப் பெரியது. மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 5 ஹெக்டேயர், அரைக் கிலோமீற்றர் நீளமான ஒரு பட்டி. பக்கத்திலே கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரம் மட்டும் 269 ஹெக்டேயர். ஒரே நாளில் யாரும் திடலை விழுங்கவில்லை. ஓரத்தில் ஒரு கட்டடம், பிறகு இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம். கல் நட்ட இடத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாத நம்மூர்க் காணி எத்தனை நாளைக்கு?

வாடகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிவாசல் செலவும் நமக்குத் தெரியும், பிரதேச சபையின் கஷ்டமும் தெரியும். வெறுமனே விட்டால் குப்பை கொட்டுவார்கள், இருட்டில் வேண்டாத வேலை நடக்கும் என்பதும் உண்மை. அதற்கு மருந்து பெரிய செலவில்லை. இரண்டு லைட், நிழலுக்கு நாலு மரம், உட்கார வாங்கு, பெண்கள் போகக்கூடிய ஒரு சுத்தமான கழிவறை. காலிமுகத்திடலில் மரநிழல் இல்லாமல்தான் பகல் பன்னிரண்டு மணிக்குக் குடைக்கடியில் இருக்கும் சோடிகளைத் தவிர ஆளே இருப்பதில்லை. அந்தப் பிழையை நாமும் செய்யத் தேவையில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கயிறு பிடித்துக் காணியை அளந்து ஒரு படம் கீறியிருக்கிறார்கள். ஆண்பிள்ளைகள் முழுவதையும் கிரிக்கெட்டுக்கு எடுத்துவிட்டார்கள். பெண்பிள்ளைகள் அதை அழித்து, பாதியில் வாங்கும் ஊஞ்சலும் வைத்து, ஓரத்தில் 'மூத்தம்மாமார் இருக்கும் இடம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் வைக்க இருந்த கூட்டத்தை, நாம் கேட்டுக்கொண்டதால், ஞாயிறு அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். உம்மாமாரும் ராத்தாமாரும் வரலாம். பிள்ளைகளின் படம் சுவரில் ஒட்டியிருக்கும். பென்சிலும் வைக்கிறோம்.