எந்த விமானம் வாங்குவீங்க?

போன வாரம் சாயங்காலம் காவிரிப் படித்துறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். வாத்தியாரின் பேரனும் கூட வந்திருந்தான். மேலே ஒரு விமானம் திருச்சிப் பக்கம் போயிற்று. பையன் கேட்டான்: "தாத்தா, நிறையப் பணம் கிடைச்சா எந்த ஏரோப்ளேன் வாங்கி ஓட்டுவீங்க?"

வாத்தியார் ஹெலிகாப்டர் என்றார். வயலிலேயே இறக்கலாமாம். நாமக்கல்லில் நாற்பது வருஷம் லாரிக்கு பாடி கட்டிய நண்பருக்கு டகோட்டா வேண்டும். "ரெண்டு இன்ஜினுங்க, லோடும் ஏத்தலாம்."

நான் சொன்னது பஸ் மாத். இருவருமே கேள்விப்பட்டதில்லை.

இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்த சின்ன விமானம் அது. ஒரே இன்ஜின், 120 குதிரைசக்தி. இரும்புக் குழாய்க் கூட்டின் மேல் துணி போர்த்தியிருக்கும். இறக்கையைப் பின்பக்கமாக மடித்து நிறுத்தி வைக்கலாம். அதில்தான் 1932 அக்டோபர் 15ஆம் தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி பெட்ரோல் போட்டுக்கொண்டு, மத்தியானம் பம்பாய் ஜுஹு வந்து சேர்ந்தார். ரேடியோ கிடையாது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். ஏர் இந்தியாவின் பிறப்பு அதுதான்.

பாடி கட்டுகிறவருக்குத் துணி போர்த்திய விமானம் பிடித்துப்போயிற்று. "நம்ம பட்டறையிலயே பண்ணிப்புடலாமுங்களே!" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அது நடந்த கதைதான். 1910இல் சென்னையில் டி ஆஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர், தான் வரைந்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துத்தான் செய்து வாங்கினார். சிம்ப்சன் அப்போது கோச்சு வண்டி கட்டுகிற கம்பெனி! அது பறக்கவும் செய்தது.

டாட்டாவுக்கு விமானப் பைத்தியம் முன்பே உண்டு. இந்தியாவில் விமானி லைசென்ஸ் எடுத்தவர்களில் முதல் நம்பர் அவருடையது, 1929 பிப்ரவரியில். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் தருவதாக ஆகாகான் அறிவித்தார். டாட்டா இங்கிருந்து கிளம்ப, பதினேழு வயது ஆஸ்பி இன்ஜினியர் அங்கிருந்து வந்தார். இருவருக்கும் ஜிப்சி மாத். எகிப்தில் அபுகீர் என்ற இடத்தில் பையன் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். டாட்டா தன்னிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசை வாங்கியவன் பையன்தான். பிற்பாடு நம் விமானப்படைக்கே தலைவர் ஆனார்.

இவ்வளவையும் நான் சொன்னதற்குக் காரணம் வேறு. 1978இல் டாட்டாவை ஏர் இந்தியா தலைவர் பதவியிலிருந்து அரசாங்கம் எடுத்துவிட்டது. நாலு வருஷம் கழித்து, முதல் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டில், அவர் மறுபடி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாகப் பறந்தார். ஒரு காலத்தில் அவர் கைக்குக் கீழே போயிங் ஜம்போக்கள் இருந்தன. ஆனால் ஏறியது, பஸ் மாத்தின் தம்பியான லெபர்டு மாத். அதுவும் ஒரே இன்ஜின்தான். அப்போது அவருக்கு வயது 78.

எனக்கும் இந்த ஆவணியோடு 78. வாய்க்கால் வளைவில் போன மாசம் ஒருமுறை சறுக்கினேன் என்பதற்காக, மகன் டிவிஎஸ் 50 சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. கண்ணில் புரை இருக்கிறது. இருந்தாலும் படித்துறைக்கு நடந்தே வருவது எனக்குப் பெரிய தோல்வியாகத்தான் படுகிறது.

இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பாடி கட்டுகிறவர்தான் கேட்டார்: "ஏனுங்கண்ணா, றெக்கைய மடிச்சா உங்க மாட்டுக்கொட்டாய்க்குள்ள போயிருமுங்களா?"

போகும் என்றேன். அளந்து பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலையில் டேப்போடு வந்துவிட்டார்.