பர்மிட் ரூமிலிருந்து காக்டெயில் லவுஞ்ச் வரை

மும்பைக்கு மாற்றலாகி வரும் நம்மூர் ஆபீசர்கள், வீடு பார்த்து, கேஸ் கனெக்‌ஷன் மாற்றி, லோக்கல் ரயிலில் ஏறி இறங்கப் பழகியதும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து நிம்மதியா பேசற மாதிரி நல்ல லவுஞ்ச் ஒண்ணு சொல்லுங்களேன்!"

பெயர் சொல்வது சுலபம். ஆனால் போன மாதம் நன்றாக இருந்த இடத்தை இந்த மாதம் மூடியிருப்பார்கள். இல்லாவிட்டால் டிஜே வைத்துக் காதைக் கிழிப்பார்கள். அதனால் நான் பட்டியல் தருவதில்லை. இந்த ஊரில் மது விற்கிற இடங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று மட்டும் சொல்வேன். அது புரிந்துவிட்டால் இடத்தை அவர்களே தேர்ந்தெடுத்துக் கொள்வார்கள். கொஞ்சம் சரித்திரப் பாடம்தான், பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் போர்டைப் பாருங்கள். மும்பையில் பல பார்களின் பெயர்ப்பலகையில் 'பர்மிட் ரூம்' என்று எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதை ஏ.சி. ரூம், ஃபேமிலி ரூம் மாதிரி ஏதோ வசதி என்று நினைத்துக் கொள்கிறார்கள். வசதியெல்லாம் இல்லை, சட்டம். மகாராஷ்டிரத்தில் மது விற்பனையை ஆளுகிற சட்டத்தின் பெயரே மதுவிலக்குச் சட்டம்தான்! 1949-ல் பம்பாய் மாகாணம் போட்ட சட்டம். பின்னால் 'பம்பாய்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மகாராஷ்டிரா' என்று மாற்றினார்கள், அவ்வளவுதான். அதாவது இங்கே மது விலக்கப்பட்ட பொருள். கையில் பர்மிட் இருப்பவருக்கு மட்டும் அனுமதி. அந்த பர்மிட்டும் உல்லாசத்துக்காகத் தருவதல்ல. 'உடல்நலத்தைப் பேணுவதற்காக' என்று சொல்லித் தருவது. சனிக்கிழமை இரவு லவுஞ்சில் சோபாவில் சாய்ந்து மார்ட்டினி குடிப்பவர், சட்டத்தின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு நோயாளி!

இது எப்படி வந்தது?

பழைய பம்பாய் கள் குடித்த ஊர். தென்னையும் பனையும் நிறைந்த தீவுகளில் கள் இறக்கியவர்கள் பண்டாரி சமூகத்தினர். வெள்ளைக்காரன் வந்து 1878-ல் அபகாரிச் சட்டம் போட்டு, மரத்துக்கு வரி, கடைக்கு உரிமம் என்று எல்லாவற்றையும் கஜானாவுக்குத் திருப்பிவிட்டான். பணக்காரர்கள் ஹோட்டலிலும் கிளப்பிலும் குடித்தார்கள். 1903-ல் திறந்த தாஜ் ஹோட்டலில் 1933-ல் 'ஹார்பர் பார்' வந்தது. நகரத்தின் முதல் லைசென்ஸ் பெற்ற பார் என்று அந்த ஹோட்டல் இன்றும் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறது. அந்தக் காலத்தில் தாஜில் அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்கள் வந்து ஜாஸ் வாசித்தார்கள். அவர்களோடு கோவாக்காரர்களும் சேர்ந்து வாசித்தார்கள்.

1937-ல் காங்கிரஸ் மந்திரிசபைகள் வந்தன. நம்மூரில் ராஜாஜி அதே வருஷம் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டு வந்தார். (பி.காம்.-ல் விற்பனை வரி பேப்பரோடு மல்லுக்கட்டியவர்கள் அதன் பூர்வீகம் ஒரு கள்ளுக்கடை என்று தெரிந்து கொள்ளவும்!) பம்பாயிலும் அதே கதைதான். 1939 ஆகஸ்ட் 1 அன்று நகரத்தில் மதுவிலக்கு வந்தது. கொண்டு வந்தவர் டாக்டர் கில்டர். பார்சி, இதய மருத்துவர், காந்தியின் மருத்துவர்களில் ஒருவர். இங்கே ஈடுகட்டப் போட்டது நகரச் சொத்துகளின் மேல் 10 சதவீத வரி. மதுக்கடை வைத்திருந்தவர்களிலும் சொத்து வைத்திருந்தவர்களிலும் பார்சிகள் அதிகம். அவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. கூச்சல் எழுந்தது. ஆனால் சில மாதங்களிலேயே, போர் விவகாரத்தில் மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. அந்த அத்தியாயம் அத்தோடு நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை முழுமூச்சாக. 1949-ல் சட்டம், அடுத்த வருஷமே முழு மதுவிலக்கு. இதை எதிர்த்து எஃப்.என். பல்சாரா என்ற பம்பாய்க் குடிமகன் (இரண்டு அர்த்தத்திலும்!) கோர்ட்டுக்குப் போனார். தனக்கு வைத்திருக்கவும் பயன்படுத்தவும் உரிமை உண்டு என்று அவர் கேட்ட பட்டியலில் விஸ்கி, பிராந்தி, ஒயின், பீர் மட்டுமல்ல, ஓடிகொலோனும் லாவண்டர் தண்ணீரும் இருந்தன. மூடியைத் திறந்தால் ஆல்கஹால் வாசம் வருகிற எல்லாவற்றையும் அந்தச் சட்டம் தொட்டிருந்தது. 1951-ல் சுப்ரீம் கோர்ட், மருந்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் போட்ட தடையை நீக்கியது. விஸ்கிக்குப் போட்ட தடை நின்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிற வழக்கு இது.

சரி, ஊர் குடிப்பதை நிறுத்தியதா? நிறுத்தவில்லை. இடம் மாறியது.

இரவு விடுதிகள் படுத்தன. ஜாஸ் வாசித்த கோவா கலைஞர்கள் பலர் ஹிந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வயிற்றைக் கழுவப் போனார்கள். 1950-களின் ஹிந்திப் பாட்டுகளில் திடீரென்று டிரம்பெட்டும் சாக்ஸபோனும் துள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாந்த்ரா, மாஹிம், தோபி தலாவ் பக்கம் கிறிஸ்தவ ஆன்ட்டிமார் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டுச் சொந்தச் சரக்கு ஊற்றினார்கள். 'ஆன்ட்டி வீடு' என்றால் அன்றைய பம்பாய்க்காரர்களுக்கு என்னவென்று தெரியும்.

தாராவிச் சதுப்புநிலத்தில் காய்ச்சியது வேறு ரகம். அந்தத் தொழிலில் பெரிய ஆளானவர் நம்மூர்க்காரர். வி.டி. ஸ்டேஷனில் கூலியாக மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார். 1987-ல் வந்த 'நாயகன்' படத்தின் வேலு நாயக்கருக்கு மூலம் அவர்தான். தமிழர்களில் பலர் அவரைக் காவல்தெய்வமாகப் பார்த்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது கணக்கு. அரசு வேண்டாம் என்று கைகழுவிய வருமானம் காற்றில் கரைந்து போகவில்லை. முழுசாக வேறொருவர் பேரேட்டில் ஏறியது.

1960-ல் மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. குஜராத் அதே 1949 சட்டத்தை வைத்துக்கொண்டு மதுவிலக்கைத் தொடர்ந்தது. (2023 டிசம்பரில் நம் நிதித்துறைக்காரர்கள் கூடும் கிஃப்ட் சிட்டியில் மட்டும் தளர்த்தினார்கள். அங்கேயும் பர்மிட் உண்டு!) மகாராஷ்டிரம் சட்டத்தை ரத்து செய்யவில்லை. 1960-களிலும் 70-களிலும் பர்மிட்டைச் சுலபமாக்கி, கதவைப் பாதி திறந்து வைத்தது. அந்தப் பாதிக் கதவுக்குள் முளைத்தவைதான் பர்மிட் ரூம்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை மங்களூர், உடுப்பிப் பக்கத்து ஷெட்டிமார் நடத்தினார்கள். கறுப்புக் கண்ணாடி, மங்கலான விளக்கு, உயரமான இருக்கை முதுகு. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். வெட்கப்பட வேண்டிய காரியம் என்று சட்டமே சொல்லும்போது அறை வெளிச்சமாக எப்படி இருக்கும்? பெண்கள் எட்டிப் பார்க்க முடியாத இடமாக அது ஆனதும் இதனால்தான் என்பது என் கருத்து.

பர்மிட் என்ன ஆனது? ஒரு நாளைக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 100 ரூபாய், ஆயுளுக்கு 1000 ரூபாய் என்று வெகுகாலம் இருந்தது. கேட்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. பல இடங்களில் ஏதோ ஒரு பெயரை எழுதி ஒருநாள் பர்மிட்டைக் கிழித்துக் கணக்கை நேர் செய்துவிடுவார்கள். வங்கியில் இப்படி வவுச்சர் போட்டால் சஸ்பென்ஷன் நிச்சயம். ஆனால் சட்டம் செத்துவிடவில்லை. 2012-ல் போலீஸ் வரிசையாக பார்களில் ரெய்டு நடத்தியபோது, பர்மிட் இல்லாதது குற்றம் என்று பலருக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

இப்போது லவுஞ்சுக்கு வருவோம். இந்த ஊரின் பளபளப்பான லவுஞ்சுகளில் பல, லோயர் பரேல் மில் நிலங்களில் இருக்கின்றன. 1982-ல் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த ஜவுளி வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. பிறகு ஆபீஸ், மால், பார் என்று மாறின. ஷிஃப்ட் முடிந்த தொழிலாளி நாட்டுச் சரக்கு குடித்த தெருவில் இன்று ஒரு காக்டெயில் விலை அவருடைய அன்றைய மாதச் சம்பளத்தோடு போட்டி போடும். கறுப்புக் கண்ணாடி போய்விட்டது. மொட்டைமாடி, காற்று, வெளிச்சம், பெண்களும் தயக்கமின்றி உட்காரும் மேஜைகள். இது நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் 2017 டிசம்பர் 29, நள்ளிரவு தாண்டியதும் கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி உணவகங்களில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். வெளியேற வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கிப் புகையில் மூச்சடைத்துப் போனவர்கள் பலர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2015 ஜூனில், மாலாட் மால்வணியில் கள்ளச்சாராயம் குடித்து 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலிகள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், குடிசைவாசிகள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடிப்பவர் பையில் பர்மிட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சட்டம் 1949-லிருந்து இருக்கிறது. பார்க்க வேண்டியது பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, கட்டடத்துக்கு இன்னொரு படிக்கட்டு இருக்கிறதா என்பதை அல்லவா? யாரும் மதிக்காத விதி ஒன்று புத்தகத்தில் இருந்தால், அவசியமான விதியையும் யாரும் மதிக்காமல் போகிற பழக்கம் வருகிறது. இருபது வருஷமாக ஆடிட் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆகவே மக்களே, லவுஞ்ச் தேர்ந்தெடுக்கும்போது:

உள்ளே நுழைந்ததும் மெனு கார்டுக்கு முன்னால் வெளியேறும் வழியைப் பாருங்கள். அங்கே நாற்காலிகளும் பீர் பெட்டிகளும் அடுக்கியிருந்தால் அப்படியே திரும்பி விடுங்கள்.

பர்மிட் வாங்கிக் கொள்ளுங்கள். கேலியாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

வயது விஷயம். இங்கே விஸ்கி, ரம், ஜின் போன்றவற்றுக்கு 25 வயது. மைல்டு பீருக்கும் ஒயினுக்கும் 21. காக்டெயிலில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை. 23 வயது பி.ஓ. தம்பி லட்சக்கணக்கில் லோன் சாங்ஷன் செய்யலாம், ஒரு மொஹிட்டோ குடிக்க முடியாது!

பில்லில் இரண்டு வரி இருந்தால் பதறாதீர்கள். மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே, அதற்கு மாநில வாட். சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி.

எட்டு மணிக்கு முன்னால் போங்கள். அதன் பிறகு பேச முடியாது, கத்தத்தான் முடியும். திரும்பும்போது டாக்ஸி.

டிஸ்கி: குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம். கூட்டத்தில் ஒருவராவது எலுமிச்சை சோடாவோடு உட்கார்ந்திருந்தால்தான் பில்லைச் சரியாகக் கூட்டிப் பார்க்க முடியும் :-)