சீமைக்கருவேல் அகற்றல் (தூத்துக்குடி)

சீமைக்கருவேல் அகற்றல் என்பது, வேலிக்கருவை எனவும் வழங்கும் அயல் முள்மரத்தை மீண்டும் தழைக்காதவாறு வேரோடு நீக்கும் பணி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வறட்சியையும் உவர்மண்ணையும் தாங்குவதால் தூத்துக்குடி மாவட்டத்தின் கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவியுள்ளது.

முறை: வெட்டினால் மட்டும் போதாது; அடித்தூர் மீண்டும் துளிர்க்கும். எனவே முட்கிளைகளைக் கழித்தபின் தூரை மண்வாரி இயந்திரத்தால் பெயர்ப்பர். தடித்த காலணி, கையுறை, கண்காப்புக் கண்ணாடி தேவை. மின்கம்பி அருகில் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வெட்ட வேண்டும். கால்நடைகள் தின்னும் காய்களின் விதை சாணத்தின் வழியே முளைப்பதால், காய் முற்றுமுன் அகற்றுவதும் புதுக்கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்குவதும் இன்றியமையாதவை.

பயன்: மரம் விறகாகவும் கரியாகவும் விற்பனையாகிறது.

கொள்கை: 2017இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற ஆணையிட்டது; 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரக் கொள்கையை வெளியிட்டது.