‘உது’ பிழையா?

புங்குடுதீவுப் பிள்ளை ‘உது என்ன?’ எண்டு கேட்டால் எங்களுக்கு உடனே விளங்கும். அதையே கட்டுரையில் எழுதினால் சிவப்பு மைக் கோடு விழும். ஆனால் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்துகள் என்றே நன்னூல் சொல்கிறது. தமிழகப் பேச்சில் மறைந்துபோன அந்த ‘உ’ எங்கட வாயில் இன்னும் இருக்கு.

இந்தப் பேச்சை ஒழுங்குள்ள மொழியாக ஆராய்ந்தவர் பேராசிரியர் சு. சுசீந்திரராசா. யாழ்ப்பாணத் தமிழை ஆராய்ந்து 1967இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்தார். யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதியும் மொழியும் பற்றி 1978இல் எழுதினார். ‘வா’, ‘வாரும்’, ‘வாங்கோ’ என்று ஆர் ஆரை அழைக்கினம் என்பதிலேயே ஊரின் ஏற்றத்தாழ்வு தெரியும். பேச்சைப் படிப்பது எங்களையே படிப்பதுதான்.

அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் 1979இல் ஒரு வழக்கு. மொழியியலாளர் வில்லியம் லபோவும் சாட்சி சொன்னார். கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் அறிந்து, அதைக் கணக்கில் எடுத்தே வாசிக்கக் கற்பிக்கவேண்டும் என்றது நீதிமன்றம்.

எழுத்துத்தமிழ் எங்களுக்குக் கட்டாயம் வேணும். அதைச் சொல்லித்தர வீட்டுத்தமிழைக் ‘கொச்சை’ எண்டு பழிக்கத் தேவையில்லை. ‘கட்டுரைக்கு இது, கதைக்க உது’ எண்டு சொன்னாலே பிள்ளைக்கு இரண்டும் வரும்.