முதற்பதிப்பே கடைசிப் பதிப்பு

அமெரிக்காவில் பழைய புத்தகங்களின் முதற்பதிப்பைச் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. பெரிய வியாபாரமும்தான். மேலுறை கிழியாமல் இருந்தால் ஒரு விலை, ஆசிரியரின் கையெழுத்து இருந்தால் இன்னொரு விலை. காசு உள்ளவையின்ர விளையாட்டு, எங்களுக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் அதே நாட்டில் வேறொரு காரணத்துக்காகப் புத்தகம் தேடித் திரிந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஆர்துரோ ஷோம்பர்க் 1874இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கறுப்பினத்தவர். கறுப்பருக்கு வரலாறே இல்லை என்று சின்ன வயதில் ஓர் ஆசிரியர் தனக்குச் சொன்னதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நியூயோர்க்கில் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை செய்துகொண்டே, கறுப்பர் எழுதியதும் கறுப்பரைப் பற்றி எழுதியதுமான நூல்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1926இல் நியூயோர்க் பொது நூலகம் அந்தச் சேகரத்தை 10,000 டொலருக்கு வாங்கியது. ஹார்லெமில் இன்றைக்கும் அவர் பெயரில் ஆய்வு நிலையம் இருக்கிறது.

அவர் சேர்த்தது ஏன் முக்கியம்? ஒரு நூல் அச்சாகிவிட்டால் மட்டும் அது வரலாற்றுக்குள் போய்விடாது. அடிமைமுறை ஒழிந்த பிறகான காலத்தைப் பற்றி டு பொய்ஸ் 1935இல் ஒரு பெருநூல் எழுதினார். அமெரிக்க வரலாற்றாய்வாளரின் முதன்மையான சஞ்சிகை அப்போது அதற்கு ஒரு மதிப்புரைகூடப் போடவில்லை. அப்படி ஒதுக்கப்பட்ட நூல்கள் யாரோ சிலரின் அலுமாரியில் பத்திரமாக இருந்தால்தான் பிந்திய தலைமுறை எடுத்துப் படிக்கும்.

இனி எங்கட பக்கம் வருவம். வன்னியைப் பற்றிய பழைய அச்சு நூல்களில் பெரியது ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு. 1895இல் கொழும்பில் அச்சானது. குளம், வயல், காய்ச்சல், சாதி, சனத்தொகை, நம்பிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது ஆண்டவன் எழுதிய வன்னி. கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனை 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாகச் சொல்லும் கல்லும் அப்படித்தான். வென்றவனின் பெயரையும் சேர்த்தே சொல்லுகிறது.

மறுபக்கத்தில் எங்கட ஆக்கள் எழுதினவை உண்டு. சி. எஸ். நவரத்தினம் 1960இல் வன்னியையும் வன்னியரையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். வையாபாடலை க. செ. நடராசா பதிப்பித்து, கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1980இல் வெளியிட்டது. லூயிஸின் நூலுக்குப் பின்னாளில் டில்லியில் மறுபதிப்பு வந்தது. எங்கட ஊரின் அச்சுக்கு அந்தக் குடுப்பினை இல்லை.

எங்கட ஊரின் அச்சு எது? விசுவமடு 1960களில் படித்த வாலிபர் திட்டத்தில் காடு வெட்டி எழுந்த குடியேற்றம். மிளகாயும் வெங்காயமும் செய்த அந்த முதல் தலைமுறையைப் பற்றி லூயிஸில் தேடிப் பயனில்லை. அது இருக்கிற இடங்கள் வேறு: பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, செத்தவீட்டுக்குப் பிறகு அந்தியேட்டியில் குடுக்கிற கல்வெட்டு. ஒரு கல்வெட்டைத் திறந்து பாருங்கோ. எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு வந்தவர், யாரைக் கட்டினவர், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்று நாலு பக்கத்துக்குள் ஒரு குடும்பத்தின் இடம்பெயர்வு முழுக்க இருக்கும். இவற்றுக்கு இரண்டாம் பதிப்பு வராது. முதற்பதிப்பே கடைசிப் பதிப்பு.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அது உலகத்துக்குத் தெரியும். 2009 தை மாதம் இந்த றோட்டால உடையார்கட்டுப் பக்கம் சனம் நகர்ந்தபோது வீடுகளில் விடுபட்ட கடதாசிகளை யாரும் எண்ணவில்லை. அரிசியும் பிள்ளையும் தூக்கிற நேரத்தில் மலரை யார் தூக்குவது? உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பையில் வந்ததே பெரிய காரியம்.

ஆனாலும் எல்லாம் அழியவில்லை. கனடாவுக்கும் சுவிசுக்கும் தபாலில் போன கல்வெட்டுகள் அங்கே லாச்சிகளில் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பழைய மலர் தப்பியிருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய எண்ணிம நூலகம் இப்படியானவற்றையும் மின்வருடிப் போடுகிறது. படம் பிடித்தபிறகு மூலப்பிரதி உரியவரிடமே இருக்கலாம்.

அதனால் நாங்கள் கேட்பது சின்ன விசயம். வீடு துப்பரவாக்கும்போது அட்டை இல்லாத, கறையான் அரித்த மலர் கிடைத்தால் பழைய பேப்பரோடு கட்டிக் கச்சான் சுத்தக் குடுக்காதேங்கோ. அட்டை போனாலும் ஆண்டும் அச்சகப் பெயரும் உள்ள பக்கம் இருந்தால் அது ஆவணம். ஓரத்தில் அம்மம்மா பென்சிலால் எழுதின பேர்கள் இருந்தால் அழிக்க வேண்டாம். வரலாறு இல்லை என்று நாளைக்கு எங்கட பிள்ளையிடம் யாரும் சொன்னால், மேசையில் எடுத்து வைக்க எங்களிடம் இருக்கப்போவது இவைதான்.