பூனை நீரிழிவு: வீட்டுக் கண்காணிப்பு

பூனை நீரிழிவு என்பது, கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமலோ உடல் அதற்கு இணங்காமலோ போவதால் இரத்தச் சர்க்கரை நீடித்து உயர்ந்திருக்கும் நோயாகும். நடுவயது கடந்த, உடல் பருத்த பூனைகளிடம் இது மிகுதி. மருத்துவமனையில் ஏற்படும் அச்சமே சர்க்கரையை உயர்த்திவிடுமாதலால், வீட்டில் அளப்பது உண்மை நிலையைத் தெளிவாகக் காட்டும். காதுமடலை வெதுவெதுப்பாக்கி, அதன் விளிம்பில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் சோதிப்பர். மனிதருக்கான கருவி சற்றுக் குறைத்துக் காட்டக்கூடும். குடிக்கும் நீர், சிறுநீர், பசி ஆகியவற்றை நாள்தோறும், எடையை வாரந்தோறும் குறித்துவைக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலோ, பூனை தள்ளாடினாலோ, ஈறில் சர்க்கரைக் கரைசலைத் தடவி உடனே மருத்துவரை நாட வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் போன்ற கடற்கரைப் பகுதிகளின் வெப்பத்தில், சிகிச்சைக்கான இன்சுலினை உறையவிடாமல் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காப்பது இன்றியமையாதது. இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40, 100 அலகு கொண்ட இருவகை இன்சுலின்களும் கிடைப்பதால், மருந்துக்குரிய சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும். மீனோடு சோறு பிசைந்து வைக்கும் உணவில் மாவுச்சத்து கூடுதல். அதைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் இன்சுலின் தேவையும் குறையக்கூடுமாதலால், உணவு மாற்றத்தை மருத்துவரின் மேற்பார்வையிலேயே செய்ய வேண்டும். சிக்கலான நிலையில், 1903-இல் தோன்றிய வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அணுகலாம்.