203 பேர்

போன வருஷம் என் மேலாளர் மூன்று பெயர்கள் கேட்டார். பதினோரு பேர் கொண்ட டீம், நான் லீட். எக்செல்லில் மூன்று பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி எழுதிய ராஜினாமாக் கடிதம் இன்னும் டிராஃப்ட்டில்தான் கிடக்கிறது. தூக்கம் வராத அந்த வாரத்தில்தான் ஸ்டார் ட்ரெக்கின் முதல் பைலட்டான 'தி கேஜ்' பார்த்தேன்.

1964 கடைசியில் டெசிலு ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் கிர்க் கிடையாது. கேப்டன் பெயர் கிறிஸ்டோபர் பைக். நடித்தவர் ஜெஃப்ரி ஹன்டர். படம் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே இந்த நாயகன் வேலையை விட்டுவிடலாமா என்று பேசுகிறார். ரைஜல் 7 கிரகத்தில் நடந்த சண்டையில் அவருடைய ஆட்கள் மூன்று பேர் செத்துப்போயிருக்கிறார்கள், ஏழு பேருக்குக் காயம். கப்பலின் டாக்டர் பாய்ஸ், மருந்துப் பெட்டியைத் திறந்து மார்ட்டினி கலந்து கொடுக்கிறார். 203 உயிர்களுக்குப் பொறுப்பாக இருந்து சலித்துவிட்டது என்கிறார் பைக். யார் இறங்கணும், யார் இறங்கக்கூடாது, கடைசியில் யார் சாகணும் என்பதுவரை தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஊருக்குப் போய்க் குதிரைகளோடு நிம்மதியாக இருக்கலாம் என்று ஆசைப்படுகிறார்.

இதை எழுதிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானி. 1943 ஆகஸ்டில், பசிபிக்கின் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில், அவர் ஓட்டிய விமானம் மேலெழும்ப முடியாமல் ஓடுபாதையைத் தாண்டிப்போய் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். அதை நினைத்துத்தான் பைக்கை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தன் பொறுப்பில் இருந்தவர்களைப் பறிகொடுப்பது என்றால் என்னவென்று தெரிந்த கை எழுதியது அது.

என்பிசி பைலட்டை நிராகரித்தது. ரொம்ப யோசிக்க வைக்கிறது என்பது பிற்பாடு சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது பைலட் கேட்டார்கள். ஹன்டர் வர மறுத்தார். 1966 செப்டம்பரில் தொடர் வந்தபோது கேப்டன் நாற்காலியில் கிர்க்.

கதைக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். டலோஸ் 4 கிரகவாசிகள் பைக்கைப் பிடித்து அடைத்து, அவர் கேட்ட குதிரைகளையும் புல்வெளியையும் மாயத்தோற்றமாகக் கண்முன்னே கொண்டுவருகிறார்கள். பைக் வேண்டாம் என்கிறார். ஓய்வு பிடிக்காமல் இல்லை. பூட்டிய கூண்டுக்குள் கிடைப்பது ஓய்வே இல்லை. திரும்பி வந்து கப்பலைக் கிளப்புகிறார்.

இதோடு முடிந்திருந்தால் இது இன்னொரு 'விடாமுயற்சி' கதையாகப் போயிருக்கும். ஸ்கிரிப்ட்டுகள் தயாராகாமல் தொடர் தடுமாறியபோது, 1966 நவம்பரில் அந்தப் பழைய காட்சிகளை வைத்து 'தி மெனாஜரி' என்று இரண்டு பாகம் செய்தார்கள். அதில் பைக் கதிர்வீச்சில் கருகி, பேச்சற்று, சக்கர நாற்காலியில் இருக்கிறார். பயிற்சி மாணவர்களைக் காப்பாற்றப் போய் அப்படி ஆனது. ஸ்பாக் தன் உயிரையே பணயம் வைத்து அவரை டலோஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஒருமுறை மறுத்த அதே மாயத்துக்குள் பைக் இந்த முறை சம்மதித்துப் போகிறார்.

முதல் தடவை மறுத்ததும் சரி, இரண்டாவது தடவை ஏற்றதும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. களைப்பு கோழைத்தனம் இல்லை என்பதை ஒரு தொடர், கைவிட்ட தன் பைலட்டைத் தூசிதட்டி எடுத்துச் சொல்லியிருக்கிறது.

டிராஃப்ட்டை நான் இன்னும் அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. அந்த மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் போன வாரம் போன் பண்ணினேன். வேலை கிடைத்துவிட்டதாம். மற்ற இரண்டு நம்பர்கள் இன்னும் பாக்கி.